இன்று முதல் பிரித்துக்கொள்கிறோம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். கனமெல்லாம் ஒண்ணும் இல்ல, ரெண்டு காகிதமும் ஒரு தண்ணி பாட்டிலும்தான்.

டிரைவர் தலைக்கு மேல எழுதியிருக்கிறதப் பாத்தீங்களா? ‘சரியான சில்லறை கொடுத்து பயணச்சீட்டு பெறவும்.’ கொடுத்துங்கிறதுக்கும் பயணத்துக்கும் நடுவுல ஒரு ‘ப்’ வரணும். வரல. ஏறினதும் கண்டக்டர்கிட்டச் சொன்னேன். “டிப்போவுல போய்ச் சொல்லுங்க பெருசு”ன்னுட்டுப் போயிட்டாரு. ஒரு புள்ளி வச்ச எழுத்துதானேன்னு நினைக்கிறாங்க. ஒரு எழுத்து என்ன பண்ணும்னு என்னைக் கேளுங்க.

கோர்ட்லேருந்து வரேன். சப்கோர்ட். இன்னிக்கித் தீர்ப்பு. தோத்துட்டோம்.

‘தோத்துட்டோம்’னு பன்மையில சொல்றேனே தவிர, நிஜமாத் தோத்தது என் தங்கச்சி, தையல்நாயகி. அவளுக்கு இன்னும் தெரியாது. முட்டி வலி, பஸ் படி ஏற முடியாது, அதனால அவ கோர்ட்டுக்கு வரல. நான்தான் போய்ச் சொல்லணும். இந்த பஸ் இன்னும் முக்கால் மணி நேரத்துல எங்க ஊருல என்னை இறக்கி விட்டுரும். அதுக்குள்ள எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும். தனியா யோசிச்சா ஒண்ணும் ஓட மாட்டேங்குது, அதான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு வரேன். தப்பா எடுத்துக்காதீங்க.

எம்பேரு அம்பலவாணன். தமிழாசிரியர். முப்பத்தி நாலு வருசம் சர்வீஸ், ரிட்டையர் ஆகிப் பதிமூணு வருசம் ஆச்சு. எங்கிட்டப் படிச்ச ஒருத்தனும் இன்னிக்கும் ‘வாழ்த்துக்கள்’னு ‘க்’ போட்டு எழுத மாட்டான். அது இருக்கட்டும்.

நாங்க மூணு பேரு. மூத்தவரு சபாபதி அண்ணன், நடுவுல நான், கடைசி தையலு. தையலுக்குக் கல்யாணம் ஆன மூணாவது வருசமே புருசன் விட்டுட்டுப் போயிட்டான். எங்கப்பா போய் அவளைக் கூட்டிக்கிட்டு வந்து பின்கட்டுல வச்சாரு. எங்க வீடு நீளமான வீடு. முன்கட்டு தெருவைப் பாத்து இருக்கும், பின்கட்டு கிணத்தைப் பாத்து இருக்கும். வயலையெல்லாம் அப்பா உயிரோட இருக்கும்போதே அண்ணன் பேருக்கு மாத்திக் குடுத்துட்டாரு, மூத்த பிள்ளைன்னு. மிச்சம் இருந்தது அந்த வீடு ஒண்ணுதான்.

அப்பா போனாரு. கருமாதியன்னிக்கி மூணு பேரும் உக்காந்து பேசிட்டோம். “வயல் எனக்கு வந்துருச்சு, வீட்டுல எனக்கு ஒண்ணும் வேண்டாம், முன்கட்டு தம்பிக்கு, பின்கட்டும் கிணறும் தையலுக்கு.” இது அண்ணன் வாயால சொன்னது. ஒரு மனஸ்தாபம் கிடையாது. அன்னிக்கே தையலு பின்கட்டுக்குத் தனியா ஒரு பூட்டு வாங்கிட்டா. அடுத்த மாசம் மாவு அரைக்கிற மிஷின் வாங்கிப் போட்டா. இன்னிக்கும் அந்த மாவுதான் அவளுக்குச் சோறு.

ஒரு வருசம் கழிச்சு, தலைத்திவசத்துக்கு எல்லாரும் கூடினோம். அப்பதான் அண்ணன் சொன்னாரு: “அம்பலம், நாம பிரிச்சுக்கிட்டத ஒரு காகிதத்துல எழுதி வச்சிடு. நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல.” எழுதினேன். தம்பி, அந்தக் காகிதத்தை நீங்க பாக்கணும். நல்ல கனமான வெள்ளைத்தாள், கறுப்பு மை, ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தல் இல்ல. தலைப்பு ‘பாகப்பிரிவினை உடன்படிக்கை’ன்னு கொஞ்சம் அலங்காரமாவே போட்டேன். மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டு சாட்சி. அந்த ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்ல, அண்ணனும் இல்ல.

முப்பது வருசம் ஒருத்தனும் அந்தக் காகிதத்தைக் கேக்கல. அப்புறம் பைபாஸ் வந்துச்சு. எங்க வந்துச்சு? எங்க வீட்டுப் பின்பக்கமா வந்துச்சு! தெருவைப் பாத்த முன்கட்டு சந்துல போயிருச்சு, கிணத்தைப் பாத்த பின்கட்டு ரோட்டுமேல வந்துருச்சு. உடனே அண்ணன் மகன் குலசேகரன் கேஸ் போட்டுட்டான். என்னன்னு? வீடு தாத்தா சொத்து, இன்னிக்கி வரைக்கும் பிரிக்கவே இல்ல, எங்கப்பாவுக்கும் மூணுல ஒரு பங்கு உண்டு, அதை அளந்து கொடுன்னு.

வயலை வித்தாச்சு. வித்த பிறகுதான் வீடு ஞாபகத்துக்கு வருது. ஆனா ஒண்ணு, பய மரியாதையான பய. வாய்தாவுக்கு வாய்தா என்னைப் பாத்தா “சித்தப்பா, டீ சாப்பிட்டீங்களா”ன்னு கேப்பான். “கேஸ் வேற, உறவு வேற சித்தப்பா”ம்பான். நானும் ஆறு வருசமா அவன் வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சிருக்கேன். கையை நீட்டி டம்ளரைத் தரும்போது என்ன பண்றது, சொல்லுங்க.

எங்க வக்கீலு பன்னீர். நல்ல மனுசன், ஆனா தமிழ் சுமார். முதல் நாளே அந்தக் காகிதத்தைப் படிச்சிட்டுத் தலையில கை வச்சிக்கிட்டாரு. “ஐயா, இதப் பதிவு பண்ணலையா?” “இல்லீங்க, எங்களுக்குள்ள பேசிக்கிட்டது தானே.” “முத்திரைத்தாள்?” “வெள்ளைத்தாள்தான்.” “முத்திரைத்தாள் குறை ஒரு பெரிய குறை இல்ல, அபராதம் கட்டிச் சரி பண்ணிடலாம். பதிவு இல்லைன்னாத்தான் மருந்தே கிடையாது”ன்னாரு. அப்புறம் எனக்கு வகுப்பு எடுக்கிற மாதிரி எடுத்தாரு. எனக்கு!

அதாவது, நடந்து முடிஞ்ச பங்கீட்டை ஞாபகத்துக்காக எழுதி வச்சா அது வெறும் குறிப்பு. கூர்சீட்டும்பாங்க. அதைப் பதிவு பண்ண வேண்டியதில்ல, கோர்ட்டு ஏத்துக்கும். ஆனா எழுதின காகிதமே பங்கைப் பிரிச்சுக் குடுக்கிறதா இருந்தா அது பத்திரம். பதிவு பண்ணியே ஆகணும். பண்ணலைன்னா அது காகிதமே இல்ல. சரி, நம்மது எது? கருமாதிக்கே பிரிச்சாச்சு, எழுதினது மறு வருசம். அப்ப குறிப்புதானே? “குறிப்புதான் ஐயா, ஆனா நீங்க எழுதியிருக்கிறதப் பாருங்க”ன்னு விரலை வச்சுக் காமிச்சாரு.

‘மேற்படி வீட்டை நாம் மூவரும் இன்று முதல் கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்கிறோம்.’

நல்ல வாக்கியம் தம்பி. இன்னொரு தடவை சொல்றேன், கேளுங்க. ‘இன்று முதல் கீழ்க்கண்டவாறு பிரித்துக்கொள்கிறோம்.’ எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. இதுல என்ன குத்தம்? ‘கொள்கிறோம்’ குத்தமாம். ‘கொண்டோம்’னு இருந்தா குறிப்பு. ‘கொள்கிறோம்’னு இருக்கிறதால பத்திரம். பன்னீரு சொல்றாரு, “ஐயா, ஒரு விகுதியில வீடு போயிரும் போல இருக்கே.” விகுதி இல்லீங்க, இடைநிலைன்னு திருத்தினேன். விகுதி ரெண்டுக்கும் ‘ஓம்’தான்.

காகிதத்தை அவரு கோர்ட்டுல நீட்டினதும் எதிர்க்கட்சி வக்கீலம்மா எந்திரிச்சிருச்சு. முப்பது வயசுதான் இருக்கும், கணீர்னு குரல். “பதிவு செய்யப்படாத ஆவணம், ஆட்சேபிக்கிறேன்.” நீதிபதி ரெண்டு பேரையும் பாத்தாரு. “ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியிடலாம், முடிவை அப்புறம் பாத்துக்கலாம்”னாரு. காகிதத்துல ஒரு முத்திரை குத்தி நம்பர் குடுத்துட்டாங்க. நம்பர் குடுத்தா ஏத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்? நான் அப்படித்தான் நினைச்சேன். போற வழியில கால் கிலோ அல்வா வாங்கிக்கிட்டுத் தையலுகிட்டப் போய், “காகிதம் ஏறிருச்சு”ன்னேன். அவ அல்வாவை மாவு வாங்க வந்த பொம்பளைங்களுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தா. அப்புறம்தான் பன்னீரு சொல்றாரு, நம்பர் குடுக்கிறது வேற, ஏத்துக்கிறது வேறன்னு. அல்வா தீந்துருச்சே, இனி என்ன சொல்றது. சொல்லல.

அப்புறம் என் முறை வந்துச்சு. காகிதத்தை எழுதினவன் நான், அதனால நான் சாட்சி. கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி பன்னீரு பத்துத் தடவை சொன்னாரு: “பிரிவினை எப்ப நடந்துச்சுன்னு கேட்டா, கருமாதியன்னிக்கே நடந்ததுன்னு சொல்லுங்க. அது உண்மைதானே? அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.” உண்மைதான். அதையேதான் சொன்னேன்.

அந்த வக்கீலம்மா குறுக்கு விசாரணைக்கு எந்திரிச்சு எனக்கு ஒரு கும்பிடு போட்டுச்சு. “ஐயா, நீங்க தமிழாசிரியர்னு கேள்விப்பட்டேன்.” ஆமாம்மா. “எத்தனை வருசம்?” முப்பத்தி நாலு. “இந்த ஆவணம் உங்க கையெழுத்துல இருக்கு. ரொம்ப அழகா இருக்கு.” நன்றிம்மா. “இதுல ‘பிரித்துக்கொள்கிறோம்’னு இருக்கே, அது எந்தக் காலம் ஐயா?”

நிகழ்காலம்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம்னு பன்னீரு சொல்றாரு. கேள்வி கேட்டா முழுசா விடை சொல்லணும்ல? ‘கொள், கிறு, ஓம். கொள் பகுதி, கிறு நிகழ்கால இடைநிலை, ஓம் தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி’ன்னு பிரிச்சுக் காமிச்சேன். நீதிபதி பேனாவைக் கீழ வச்சிட்டுக் கேட்டாரு. குலசேகரன்கூட பின்பெஞ்சுல வாயைப் பொளந்துகிட்டுக் கேட்டான். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த நேரம் சந்தோசமா இருந்துச்சு. ரிட்டையர் ஆன பிறகு யாரு நம்மகிட்ட இதெல்லாம் கேக்குறா?

அப்புறம் அந்தம்மா கேட்டுச்சு. ரொம்பப் பணிவாத்தான் கேட்டுச்சு. “ஐயா, பிரிவினை ஒரு வருசம் முன்னாடியே நடந்துருச்சுங்கிறீங்க. நடந்து முடிஞ்சதை இறந்தகாலத்துலதானே எழுதணும்? அப்ப ‘கொள்கிறோம்’னு எழுதினது உங்க கைப்பிழையா? தப்பா எழுதிட்டீங்களா?”

பன்னீரு என்னையே பாத்தாரு. கண்ணாலயே ஜாடை காட்டினாரு. ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்கன்னு அந்த முகம் கெஞ்சுச்சு. எனக்குப் புரியாம இல்ல.

ஆனா தம்பி, நீங்களே சொல்லுங்க. அவ்வளவு பேரு முன்னாடி, முப்பத்தி நாலு வருசத் தமிழாசிரியரப் பாத்து, ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி காலத்தைத் தப்பா எழுதிட்டீங்களான்னு கேட்டா என்ன சொல்றது? “நான் காலத்தைத் தப்பா எழுத மாட்டேன். யோசிச்சுத்தான் எழுதினேன்”னேன். சொன்ன உடனே டைப் அடிக்கிறவரு தடதடன்னு அடிச்சிட்டாரு. அந்தம்மா “வேற கேள்வி இல்லை”ன்னு உக்காந்துருச்சு.

யோசிச்சுத்தான் எழுதினேன், அது சத்தியம். அன்னிக்கித் தலைத்திவசத்துல நான் பேனாவை எடுத்ததும் தையலு பக்கத்துல வந்து உக்காந்தா. அவ அஞ்சாவதோட நின்னவ. “சின்னண்ணே, போன வருசமே பிரிச்சுக்கிட்டோம்னு எழுதுண்ணே. அதான் பிரிச்சாச்சுல்ல”ன்னா. அண்ணனும் ஆமா ஆமான்னாரு. நான்தான், “அது பேச்சுவழக்கு தையலு, எழுத்துக்குன்னு ஒரு நடை இருக்கு, நீ சும்மா இரு”ன்னேன். ‘கொண்டோம்’னா அதோட முடிஞ்சு போச்சுன்னு ஆகுது. ‘கொள்கிறோம்’னா இன்னிக்கும் உண்டு, நாளைக்கும் உண்டு, என்னிக்கும் அவளுக்கு உண்டுன்னு ஒரு உயிரு இருக்கு அந்தச் சொல்லுல. ‘இன்று முதல்’ங்கிறதையும் நான்தான் சேத்தேன். இருந்தா கம்பீரமா இருக்குன்னு சேத்தேன். அவ என்னிக்கும் அங்க இருக்கணும்னுதான் தம்பி அப்படி எழுதினேன். அவளுக்குக் கெடுதல் நினைச்சு ஒரு எழுத்து எழுதுவேனா?

இன்னிக்கித் தீர்ப்பு. பதினொன்றரைக்கு வாசிச்சாரு. காகிதத்தை ஏத்துக்க முடியாதாம். வீடு பிரிக்கப்படாத பொதுச்சொத்தாம். மூணு பங்காம். கமிஷனர்னு ஒரு வக்கீலைப் போடுவாங்களாம், அவரு டேப்போட வந்து அளப்பாராம். பிரிக்க வசதிப்படலைன்னா வித்துக் காசாப் பிரிச்சுக்கணுமாம். அவ்வளவுதான். ஆறு வருசம், கால் மணி நேரத்துல முடிஞ்சுது.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. அந்தக் காகிதத்தை ஒரேயடியாத் தள்ளல. பின்கட்டுல யாரு குடியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்க அதைப் பாக்கலாமாம். பின்கட்டு யாருக்குச் சொந்தம்னு தெரிஞ்சுக்க அதைப் பாக்கக் கூடாதாம். ஒரே காகிதம், ஒரே வரி! தையலு அங்க இருக்காங்கிறத நம்புறாங்க, இருக்கலாங்கிறத நம்ப மாட்டாங்களாம். நான் பன்னீரைக் கேட்டேன், “நீதிபதி அதப் படிச்சிட்டாரே, படிச்சது படிச்சதுதானே?” “படிச்சிட்டுப் படிக்காத மாதிரி இருக்கணும் ஐயா, அதான் சட்டம்”னாரு. அப்பீல் போகலாமாம். தையலுக்கு அறுபத்தி ஒண்ணு. அப்பீலு எத்தனை வருசம்னு கேட்டேன், அவரு வானத்தைப் பாத்தாரு.

தீர்ப்பு நகல் வரப் பத்து நாளாகும். ஆனா பெஞ்ச் கிளார்க்கு தெரிஞ்ச பையன், கொஞ்சம் கெஞ்சினதும் ஒரு பத்தியைப் பாத்து எழுதிக்க விட்டாரு. இந்தாங்க, இதான். என்னைப் பத்தின பத்தி மட்டும் எழுதிக்கிட்டேன். படிங்க. கண்ணாடி வேணுமா? நானே படிக்கிறேன். ‘இவ்வாவணத்தை எழுதிய பிரதிவாதித் தரப்பு இரண்டாம் சாட்சி முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். கொள்கிறோம் என்பது நிகழ்காலம் என்று இலக்கண விளக்கத்துடன் தெளிவாகச் சாட்சியமளித்துள்ளார். தாம் யோசித்தே அவ்வாறு எழுதியதாகவும் கூறியுள்ளார். எனவே இவ்வாவணத்தின் மூலமாகவே பிரிவினை நடைபெற்றுள்ளது என இந்நீதிமன்றம் கருதுகிறது.’

தெளிவாகன்னு போட்டிருக்காரு பாருங்க. என் இலக்கணத்தை எவனும் தப்புன்னு சொல்லல. அசல்ல மூணு சந்திப்பிழை இருந்துச்சு, ‘ஆவணம்’ங்கிறதுக்கு ஒரு இடத்துல ரெண்டு சுழி ‘ன’ போட்டிருந்தாங்க. பாத்து எழுதும்போதே திருத்திட்டேன்.

ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கலையா. சரி.

இருங்க, போன் அடிக்குது. அவதான். ஒரு மணியிலேருந்து அடிக்கிறா, நான்தான் எடுக்கல. இப்பவும் எடுக்கலைன்னா பயந்துருவா. ஒரு நிமிசம்.

சொல்லு தையலு... ஆமா, பஸ்ல வரேன்... காதுல விழல, டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... யாரு வந்திருக்கா? ... கிணத்துக்கு வலையா? ... ம்... ம்... இல்லம்மா, தீர்ப்பு... இன்னும் இல்ல. சொல்லுவாங்க... ஆமா, சொல்லுவாங்க... சரி. சரி, போடச் சொல்லு. நல்லாப் போடச் சொல்லு. வரேன், வச்சிடு.

கிணத்து மேல கம்பி வலை போட ஆள் வந்திருக்கானாம். பைபாஸ் போறவன் குப்பையெல்லாம் கிணத்துல போடுறான்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தா. தீர்ப்பு வரட்டும்னு தள்ளிப் போட்டாளாம். இன்னிக்குத்தான் வந்துருமேன்னு காலையிலேயே அவனை வரச் சொல்லிட்டாளாம். “தீர்ப்பு சொல்லிட்டாங்களா சின்னண்ணே, வலையைப் போடச் சொல்லட்டுமா?”ன்னு கேக்குறா. “நான் பயப்படலண்ணே, நீ எழுதினதாச்சே, அதுல தப்பு வருமா?”ன்னு கேக்குறா.

நான் என்ன சொன்னேன், கேட்டீங்கல்ல? ‘சொல்லுவாங்க’ன்னேன். பதினொன்றரைக்குச் சொல்லி முடிச்சதை, ‘சொல்லுவாங்க’ன்னேன். எதிர்காலம். எவ்வளவு சுலபமா வந்துருச்சு பாருங்க வாயில. அன்னிக்கி அந்தக் கூண்டுல இது வரல தம்பி எனக்கு. தப்பா எழுதிட்டேன்னு ஒரு சொல்லு. வரல.

கொஞ்சம் வழி விடுங்க, எங்க ஊரு வந்துருச்சு. அந்தா, பைபாஸை ஒட்டி ஒரு வீடு தெரியுது பாருங்க, பச்சைக் கதவு. கிணத்து மேல ஆள் நிக்கிறான். வலையைக் கட்டிக்கிட்டிருக்கான்.